பூஞ்சைக்கு ஒரு கற்பூர சத்தியம்

எங்கள் குடும்பத்தில் உடம்பின் எந்தப் பாகத்துக்கு வேண்டுமானாலும் வியாதி வரலாம். முட்டிக்கு வரலாம், இடுப்புக்கு வரலாம். நெஞ்சுக்கு வந்துவிட்டால் மரியாதையே தனி. ஹாலில் உட்கார வைத்து, ஆரஞ்சுப் பழமும் மால்ட் டின்னும் வாங்கிக்கொண்டு சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து பார்ப்பார்கள். ஆனால் தொப்புளுக்குக் கீழே, தொடைக்கு மேலே இருக்கும் பகுதிக்கு மட்டும் வியாதி வர அனுமதி கிடையாது. அங்கே வந்தால் அதற்குப் பெயர் வியாதி இல்லை, நடத்தை.

எனக்கு அங்கேதான் வந்தது.

நான் குடியிருப்பது மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குலாயில். வேலை சிங்கப்பூரில், ஒரு பெரிய கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்களுக்கு மேற்பார்வையாளன். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, கடலைத் தாண்டும் எல்லைப் பாலத்தில் மற்ற ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்களோடு ஊர்ந்து, அந்தப் பக்கம் போய்ச் சேர்வேன். தடித்த ஜீன்ஸ், அதற்கு மேல் மழைச் சட்டை, மழைக் கால்சட்டை. மழை வந்தால் வெளியே ஈரம், மழை வராவிட்டால் உள்ளே ஈரம். பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது முன்னால் இருப்பவர்கள் எல்லாரும் சீட்டில் கொஞ்சம் எழுந்து, கொஞ்சம் நெளிந்து, மறுபடி உட்காருவதைப் பல வருஷமாகப் பார்த்திருக்கிறேன். முதுகு வலி போலிருக்கிறது, பாவம் என்று நினைத்திருந்தேன். எனக்கு வந்த பிறகுதான் அது முதுகு இல்லை என்று தெரிந்தது.

முதலில் லேசான அரிப்பு. அப்புறம் சிவந்து தடித்தது. அப்புறம் சுற்றிலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள். சிறுநீர் போனால் எரிச்சல். வெளியே சொல்லவும் முடியாது, மெல்லவும் முடியாது என்பார்களே, அந்த நிலைமை. மனம்விட்டுச் சொறியக்கூட ஆண்பிள்ளைக்கு இடமில்லை. கிடங்கில் நான் நடப்பதைப் பார்த்து ஒரு பையன், "பாஸ், கவ்பாய் மாதிரி நடக்கறீங்க" என்று பாராட்டினான்.

கடைசியில் என் சிநேகிதரிடம், எங்கள் பேச்சில் கூட்டாளியிடம், சொன்னேன். அவர் பக்கத்து ஊர், செனாய்க்காரர். தினமும் என்னோடு பாலம் கடப்பவர். வேலை முடிந்து திரும்பும்போது இருவரும் பாய் கடையில் நிறுத்தி, நுரை வர ஆற்றிய தே தாரிக் ஒன்று குடிப்போம். நான் குடிப்பது டின்னில் வரும் இனிப்புக் கெட்டிப்பால் கூடுதலாக ஊற்றியது. கடைக்காரப் பாய்க்கு என் கணக்குத் தெரியும். என் தலையைப் பார்த்ததும் கரண்டியை இன்னொரு முறை டின்னுக்குள் விடுவார்.

"அலமாக், இதுக்கா இவ்ளோ கவலை?" என்றார் கூட்டாளி. "என்கிட்ட மருந்து இருக்கு லா. சிங்கப்பூர் மருந்து."

இதில் எங்கள் ஊர் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜொகூரில் இருப்பவனுக்குச் சிங்கப்பூர் மருந்து என்றால் தேவாமிர்தம். சிங்கப்பூரில் இருப்பவன் சனிக்கிழமையானால் ஜொகூர் பாருவுக்கு வந்து இங்கே இருக்கும் ஃபார்மசியில் பை நிறைய மருந்து வாங்கிப் போகிறான். ஒரே கம்பெனி, ஒரே களிம்பு, பாலத்தில் ஒன்றுக்கொன்று எதிரே வந்து கடந்துபோகிறது. கூட்டாளி கொடுத்த டியூபும் அப்படித்தான். அடியில், மலேசியாவில் விற்பதற்கு என்று மலாய் மொழியில் அச்சிட்டிருந்தது. இங்கே வாங்கி, அங்கே போய், மறுபடி என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. என்னைவிட அதிகம் பாலம் கடந்த டியூப்.

அது மூன்று மருந்து கலந்த களிம்பு. பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு ஒன்று. காப்பியிலேயே த்ரீ இன் ஒன் குடித்துப் பழகிய ஊர், களிம்பை மட்டும் விடுமா? போட்ட மறுநாளே அரிப்பு அடங்கியது. சிவப்பு மறைந்தது. நான் ஃபோர்க்லிஃப்ட் நடுவே சாதாரண மனிதனாக நடந்தேன். "சொன்னேன்ல?" என்றார் கூட்டாளி. அந்தச் சந்தோஷத்துக்கு அன்று இரண்டு தே தாரிக். டியூபை மூடி வைத்தேன். சில நாளில் அரிப்பு திரும்பி வந்தது, இம்முறை குடும்பத்தோடு. மறுபடி போட்டேன், அடங்கியது. நிறுத்தினேன், வந்தது. ஒவ்வொரு முறை வரும்போதும் போன முறையைவிடக் கொஞ்சம் அதிக இடம் பிடித்துக்கொண்டது. கடன் கேட்டு வந்து தங்கும் தூரத்து உறவுக்காரர்கூட அவ்வளவு உரிமையாக நடந்துகொள்ள மாட்டார்.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். பாய், கருஞ்சீரக எண்ணெய் என்றார். கூட்டாளியின் கூட்டாளி ஒருவர், நல்ல கிருமி உள்ளே போனால் கெட்ட கிருமி ஓடிவிடும், அந்தச் சின்ன பாட்டிலில் விற்கும் புளித்த பால் குடி என்றார். குடித்தேன். நல்ல இனிப்பு. ருசியாக இருந்ததால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று குடித்தேன். நல்ல கிருமிக்குப் பிடித்ததோ இல்லையோ, கெட்டதற்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

இத்தனைக்கும் என் மனைவிக்கு ஒரு வார்த்தை தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். செனாய் பக்கம் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் லைன் லீடர். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய வேலை செய்கிறவள். தூசி ஒன்று பறந்தாலும் கண்டுபிடித்து எழுதி வைப்பது அவள் தொழில். அப்படிப்பட்டவள் வீட்டில் நான் டியூபை மறைத்து வைத்தது மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள், மழைச் சட்டைக்கு அடியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைச் சட்டையைத் துவைக்க எடுத்தாள்.

சமையலறை மேசையில் டியூபை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பிதுக்கிப் பிதுக்கிச் சுருண்டுபோன டியூப். நிறையப் பயன்பட்டது என்று பார்த்தாலே தெரியும்.

"இது எதுக்கு?"

"அரிப்புக்கு."

"எங்க அரிப்பு?"

நான் குனிந்து என் மடியைப் பார்த்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

"சிங்கப்பூர்ல என்ன பண்றீங்க?" என்றாள். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன்.

"வேலை பண்றேன்."

"வேலை பண்றவங்களுக்கு அங்க அரிக்குமா?"

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். எனக்கு மடியில் கனமில்லை, அரிப்புதான் இருந்தது. ஆனால் அந்த வித்தியாசத்தை எப்படி நிரூபிப்பது? எங்கள் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், சிங்கப்பூரில் வேலை செய்யும் ஆண்கள் இரண்டு வகை. அங்கே ஏதாவது பண்ணுகிறவர்கள், பண்ணுவதாக ஊர் நினைக்கிறவர்கள். மூன்றாவது வகைக்கு யாரும் இடம் ஒதுக்கவில்லை.

அவள் தீர்ப்பைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை செடெனாக் பக்கம் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு வர வேண்டும். அங்கே ஏற்றிய கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, சிங்கப்பூரில் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். முனியாண்டி முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. சத்தியம் செய்யாவிட்டால் அவள் சிகாமட்டில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். போனால் திரும்பி வரும் சாதி இல்லை அவள். அது எனக்குத் தெரியும்.

அன்று முதல் நான் ஹாலில் படுத்தேன். என் துணிகள் தனி வாளியில், கொதிக்கும் தண்ணீரில். என் தட்டுகூடத் தனியானது. ஆனால் அவள் எனக்குக் கட்டி வைக்கும் விடியற்காலைச் சோற்று டப்பா மட்டும் வழக்கம்போல மேசையில் இருந்தது. அப்போது அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

சத்தியம் செய்ய எனக்கென்ன பயம் என்று கேட்பீர்கள். பயம்தான். கை சுட்டு ஒரு நொடி தயங்கினால்கூட அவள் அதைக் குற்ற ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வாள். அதைவிட, சத்தியம் செய்த பிறகும் அரிப்பு போகாவிட்டால்? முனியாண்டியே என்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமே. அரிப்போடு போய்ச் சத்தியம் செய்வது, கையில் கத்தியோடு போய் நான் குத்தவில்லை என்று சொல்வது போலத்தான்.

இந்த இடத்தில் மச்சான் வந்து சேர்ந்தார். சிகாமட்டிலிருந்து, தங்கைக்கு நியாயம் கேட்க. மச்சான் கோயில் கமிட்டியில் இருப்பவர். எந்த வீட்டில் என்ன சண்டை என்றாலும் நடு நாற்காலியில் போய் உட்காரும் பழக்கம் உள்ளவர். அவருக்கு முன்னால் டியூபை வைத்தாள் அவள். அவர் கண்ணாடியைத் தூக்கி, இறக்கி, டியூபைப் படித்தார். பிறகு என்னைத் தனியாக வெளியே கூட்டிப் போனார்.

"மாப்பிள்ள, ஆம்பளைக்கு ஆம்பள கேக்குறேன். செவந்திருக்கா?"

"ஆமா மச்சான்."

"கொப்புளம் இருக்கா?"

"சுத்தி இருக்கு."

"எரியுதா?"

"எரியுது."

மச்சான் முகம் மலர்ந்தது. "இது அக்கி மாப்பிள்ள. சுத்தமான அக்கி."

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. அக்கி என்றால் நடத்தை இல்லை, சூடு. அக்கி யாருக்கும் வரலாம். அக்கி வந்தவனை யாரும் எந்த ஊரில் என்ன பண்ணினாய் என்று கேட்பதில்லை. அந்த நிமிஷமே நான் அக்கிக்காரன் ஆகிவிட்டேன். அது அக்கியா என்று யோசிக்கக்கூட இல்லை. தண்ணீரில் விழுந்தவன் கையில் கிடைத்த கட்டையைத் தேக்கா, ரப்பரா என்று பார்ப்பானா?

உள்ளே போய் மச்சான் தீர்ப்பை மாற்றிச் சொன்னார். மனைவி நம்பவில்லை. "அக்கி அங்கயா வரும் அண்ணா?" என்றாள். "அக்கிக்கு எடம் தெரியுமா?" என்றார் மச்சான். வெள்ளிக்கிழமைச் சத்தியத்தை அக்கி ஆறும் வரை ஒத்திவைக்க ஒப்புக்கொண்டாள்.

அக்கிக்கு டாக்டர் கிடையாது. எழுத வேண்டும். செங்காவியைக் குழைத்து, கொப்புளம் வந்த இடத்தின் மேல் சிங்கம் வரைந்து மந்திரம் சொல்வார்கள். எழுதத் தெரிந்தவர் ஒருவர் பெக்கோக்கில் இருப்பதாக மச்சானுக்குத் தெரியும். முன்பு தோட்டத்தில் லோரி ஓட்டியவர், இப்போது வீட்டு வாசலில் அக்கி எழுதுகிறார். காரில் போகும் வழியெல்லாம் மச்சான், அக்கி எழுதி ஆறியவர்கள் பேரை ஊர் வாரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் வழியில் வாங்கிய சர்பத்தைக் குடித்துக்கொண்டே கேட்டேன். அந்த நாட்களில் எனக்கு எப்போதும் தாகம். வெயில் என்று நினைத்தேன்.

அக்கி எழுதுகிறவர் காவியைக் குழைத்துக்கொண்டே, "எங்க இருக்கு, காட்டுங்க" என்றார்.

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் கூரையைப் பார்த்தார்.

"தொடைக்கு மேல" என்றேன்.

"எவ்ளோ மேல?"

"ரொம்ப மேல."

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். சிங்கத்துக்கும் ஒரு மரியாதை உண்டு என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அங்கே சிங்கத்தை வரைய முடியாது, வரையவும் கூடாது. பிறகு முட்டிக்கு மேலே, தொடையின் நடுவில், பிடரியோடும் வாலோடும் ஒரு நல்ல சிங்கம் வரைந்தார். சிங்கத்தின் முகம் மட்டும் மேல்நோக்கி இருந்தது.

"வழி அது கண்டுபிடிச்சுக்கும்" என்றார்.

அத்தோடு விதிகள். காவி தானாக உதிரும் வரை அங்கே தண்ணீர் படக்கூடாது. எண்ணெய் கூடாது. இங்கிலீஷ் மருந்து கூடவே கூடாது. ஜொகூர் வெயிலில், ஜீன்ஸ் போட்டு, மழைக் கால்சட்டை மாட்டி, பாலத்தில் ஊர்கிறவன் இடுப்புக்குக் கீழே சரியாகக் குளிக்காமல் இருந்தால் என்ன ஆகும்? சிங்கம் வழி கண்டுபிடிப்பதற்குள் பூஞ்சை சிங்கம் இருந்த இடத்துக்கே வந்துவிட்டது. ஒரு மதியம் கிடங்கில் நடக்க முடியாமல் அட்டைப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வலியில் பாதி, அவமானத்தில் பாதி.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, "நாளைக்கு கிளினிக்குக்குப் போறேன்" என்றேன்.

"நானும் வரேன்" என்றாள் மனைவி. "டாக்டர் வாயால நான் கேக்கணும்."

அவள் என்ன கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். முனியாண்டிக்குப் பதிலாக அரசாங்க டாக்டர். அவ்வளவுதான் வித்தியாசம். அன்று நான் தூங்கவில்லை.

டாக்டர் இளவயதுப் பெண், மலாய்க்காரர். என் மகள் வயதுதான் இருக்கும். என் மனைவி எனக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டாக்டர் கையுறை மாட்டி, திரைக்குப் பின்னால் என்னைப் படுக்கச் சொல்லிப் பார்த்தார். பார்த்தவர் தொடைக்கு வந்ததும் நின்றுவிட்டார். பாதி உதிர்ந்த பிடரி, முக்கால் வால்.

"இனி அபா?" என்றார். இது என்ன என்று.

நான் வாயைத் திறப்பதற்குள் திரைக்கு அந்தப் பக்கமிருந்து என் மனைவி சொன்னாள்: "சிங்கா, டாக்டர்." சிங்கத்துக்கு மலாயிலும் அதே பேர்தான் என்பதால் மறைக்க வழியில்லை.

டாக்டர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அரசாங்க கிளினிக்கில் புலி, முதலை எல்லாம் பார்த்திருப்பார். கொஞ்சம் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி அனுப்பினார். பிறகு நான் எதிர்பார்க்காத கேள்விகளைக் கேட்டார். தாகம் எடுக்கிறதா? இரவில் எழுந்து சிறுநீர் போகிறீர்களா? எடை குறைந்திருக்கிறதா? விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். கருவியைப் பார்த்தார். இன்னொரு விரலைக் குத்தி மறுபடி பார்த்தார்.

"கென்சிங் மானிஸ்" என்றார். சர்க்கரை வியாதி.

அவர் மலாயில் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதற்குப் பெயர் கேண்டிடா, ஒரு வகை ஈஸ்ட் பூஞ்சை. எல்லார் உடம்பிலும் உண்டு. வாயில், குடலில், தோல் மடிப்பில் சும்மா இருக்கும். ஈரமும் சூடும் கிடைத்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரையும் ஏறினால் பெருகிவிடும். பாக்டீரியா நமக்கு அந்நியம், அதைக் கொல்ல மருந்து நிறைய இருக்கிறது. பூஞ்சையின் கட்டுமானம் நம் உடம்புச் செல்லைப் போலவே இருப்பதால், நம்மை விட்டுவிட்டு அதை மட்டும் தாக்கும் மருந்து கொஞ்சம்தான். அதையும் அரைகுறையாகப் போட்டு நிறுத்தினால் மிச்சமிருப்பது திரும்ப வளரும். நான் போட்ட மூன்று மருந்துக் களிம்பில் ஸ்டீராய்டு சிவப்பை மறைத்துவிட்டு, உடம்பின் காவலையும் அந்த இடத்தில் தூங்க வைத்திருக்கிறது. சர்க்கரையைக் குறைக்காமல் எந்தக் களிம்பு போட்டும் பிரயோஜனம் இல்லை.

பாய் கடை, கெட்டிப்பால், இனிப்புப் பால் பாட்டில், சர்பத் எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்தன. இத்தனை நாள் நான் வைத்தியம் பார்க்கவில்லை, தீனி போட்டு வளர்த்திருக்கிறேன்.

என் மனைவி காத்திருந்த கேள்வியைக் கேட்டாள். மலாயில், ஒவ்வொரு வார்த்தையாக: "டாக்டர், இது எங்கிருந்து வந்தது?"

நான் டாக்டர் வாயையே பார்த்தேன்.

"எங்கிருந்தும் வரல" என்றார் டாக்டர். "இவர் உடம்புலயே இருந்ததுதான். புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்குச் சில நேரம் போகும். ஆனா வெளியில போய் வாங்கிட்டு வரணும்னு அவசியமே இல்ல." பிறகு அவளையே பார்த்து, "உங்களுக்கு அரிப்பு, எரிச்சல் ஏதாவது உண்டா?" என்றார்.

"தாக் அடா" என்றாள் அவள். இல்லையாம். ரொம்ப வேகமாகச் சொன்னாள்.

நுணுக்கமாகப் பார்த்தால் என் ரத்தத்தில் சர்க்கரை இருப்பது என் ஒழுக்கத்துக்குச் சாட்சி ஆகாது. சர்க்கரை உள்ளவனும் கெட்டவனாக இருக்கலாம். ஆனால் அதை எடுத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு என்னுடையது இல்லை என்று வாயை மூடிக்கொண்டேன்.

கிளினிக் வாசலிலேயே அவள் போனை எடுத்தாள். "அண்ணா! அவருக்குச் சக்கர வியாதி!" என்றாள். பிள்ளை பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியதைச் சொல்லும் குரல். "ஆமாண்ணா, நெறைய இருக்காம்! மிஷின்ல ரெண்டு தடவ பாத்தாங்க!" அடுத்து வெளியூரில் இருக்கும் எங்கள் மகளுக்கு, அடுத்து அவள் தோழிகளுக்கு. அன்று சாயந்திரத்துக்குள் குலாயிலிருந்து சிகாமட் வரை எனக்குச் சர்க்கரை என்று தெரியாதவர் இல்லை. வீட்டுக்கு வந்து சந்தோஷத்தில் கேசரி கிண்டினாள். நெய் விட்டு, முந்திரி போட்டு. கிண்டி முடித்துத் தட்டில் வைத்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. தட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். என் துணிகள் அன்றே பொது வாளிக்குத் திரும்பின. நானும் ஹாலிலிருந்து அறைக்குத் திரும்பினேன்.

மச்சான் மட்டும் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. "மொதல்ல அக்கி, அப்புறந்தான் சக்கர" என்கிறார் இன்றும்.

ஆனால் சாமி முன்னால் செய்வதாக ஒத்திவைத்த சத்தியம் பாக்கி இருந்தது. வெள்ளிக்கிழமை முனியாண்டி கோயிலுக்குப் போனோம். செம்பனை மரங்களுக்கு நடுவே சின்னக் கொட்டகை, உள்ளே அரிவாளோடு பெரிய மீசை. பூசாரி தட்டில் கற்பூரம் ஏற்றினார். நான் சட்டைக் கையை மடித்தேன். இனி தயக்கமே இல்லை. உள்ளங்கையை நீட்டினேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க."

"ஏன்?"

பூசாரி தள்ளிப் போகும் வரை காத்திருந்தாள். பிறகு சாமியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கும் இருக்கு. ரெண்டு வருஷமா."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. எனக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே அவளுக்கு வந்திருக்கிறது. அந்த வெள்ளை உடுப்புக்குள், ஷிப்ட் முழுக்க, உடுப்பைக் கழற்றி மாட்டும் தொந்தரவுக்குப் பயந்து கழிப்பறைக்கும் போகாமல், எரிச்சலோடு நின்றிருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் தாமான் ஃபார்மசியில் முகம் தெரியும் என்று பஸ் ஏறி வேறு ஊருக்குப் போய் மருந்து வாங்கியிருக்கிறாள். இரண்டு நாள் போடுவாள், அடங்கும், நிறுத்துவாள், வரும். நான் செய்த அதே முட்டாள்தனம், எனக்கு முன்னாலேயே. இது எங்கிருந்து வந்தது என்று யோசித்தவளுக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியிருக்கிறது: சிங்கப்பூரிலிருந்து, என் வழியாக.

"கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டீங்கன்னா?"

அதனால் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிள் பெட்டியில் என் டியூபைப் பார்த்த அன்று எல்லாம் உறுதியாகிவிட்டது என்று நினைத்திருக்கிறாள். கிளினிக்கில் இல்லை என்று சொன்னது வெட்கத்தில். டாக்டர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் தனக்கு வந்ததும் சிங்கப்பூரிலிருந்து இல்லை என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது, இனி என் கையைச் சுட அவளுக்கு மனமில்லை. கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது. இத்தனை நாள் நான்தான் பாவம், நான்தான் சந்தேகத்துக்கு ஆளானவன் என்று என்னை நினைத்து நானே உருகிக்கொண்டிருந்தேன். முனியாண்டி முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. அவளை நினைத்தால் நெஞ்சு வலித்தது. நெஞ்சு வலி என்பதால் இதை யாரிடமும் தாராளமாகச் சொல்லலாம்.

அடுத்த வாரம் அதே டாக்டரிடம் அவளைக் கூட்டிப் போனேன். இம்முறை நான் வெளியே உட்கார்ந்தேன். திரும்பி வந்தவள் முகத்தில் ஒரு சின்னப் பெருமை. அவள் சர்க்கரை என்னுடையதைவிட அதிகமாம். அவளுக்கு நாள்பட்ட விஷயம் என்பதால், அடங்கிய பிறகும் மாதக்கணக்கில் வாரம் ஒரு மாத்திரை. நன்றாகிவிட்டது என்று தோன்றினாலும் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னாராம். இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் இப்போது யாருக்கு எரிந்தாலும் மேசையில் உட்கார்ந்து சொல்லிக்கொள்கிறோம். பாய் கடையில் நான் சர்க்கரை இல்லாமல் தே கேட்டபோது பாய், "வீட்ல ஏதும் பிரச்சனையாண்ணே?" என்று கவலையோடு விசாரித்தார்.

ஒரு விஷயம் மட்டும் என்னை விடவில்லை. ஒரு விடியற்காலை அவள் சோற்று டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ரெண்டு வருஷமா நான் அங்க யாரையோ வச்சிருக்கேன்னுதானே நெனச்சுக்கிட்டிருந்த?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு தினம் இந்நேரத்துக்கு எந்திரிச்சு எனக்குச் சோறு கட்டின?"

அவள் டப்பாவின் நான்கு பக்கமும் அழுத்தி மூடினாள். நான் ஏதோ புரியாமல் கேட்கிறேன் என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"வச்சிருந்தாலும் பசிக்கும்ல?" என்றாள்.

வெளியே வந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். பாலம் வரைக்கும் அழுதுகொண்டே போனேன். சோறு முதுகுப்பையில் சூடாக இருந்தது.